எதிர் நாற்காலியில் ஒரு ஹெல்மெட்

பொத்தானக்காவிடம் பைக் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஆனால் வெளியூர் கிளம்பும்போதெல்லாம் அவள் தோள்பைக்குள் முதலில் போவது ஓர் ஆம்பளை ஹெல்மெட்தான். அதற்குப் பிறகுதான் மாற்றுத்துணி, சீப்பு, தலைவலி மாத்திரை, பொத்தான் அட்டைகள் எல்லாம்.

ஹெல்மெட் அவள் புருஷனுடையது. ஒரு நாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன், போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பைக் போயிற்று, ஆள் போனான், ஆணியில் தொங்கிய ஹெல்மெட் மட்டும் மிச்சம். "தலைய வச்சிட்டுத்தான் போயிருக்கான், விடு" என்று அவள் அம்மா சொல்லிச் சொல்லியே மகளின் அழுகையை நிறுத்தினாள். பழைய இரும்புக்காரன் கேட்டு வந்தபோது பொத்தானக்கா கொடுக்கவில்லை. பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு அதில் வேறு வேலை இருந்தது.

ஒரு பொத்தான் பட்டறையின் விற்பனையாள் அவள். மாதம் ஒரு முறை பெரிய நகரத்துக்குப் போய்த் தையற்கூடங்களில் ஏறி இறங்குவாள். கறுப்பு அட்டையில் வரிசையாகத் தைத்த பொத்தான்கள், சிப்பி, மரம், உலோகம், கொம்பு மாதிரிச் செய்த பிளாஸ்டிக். தையற்காரர்கள் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "போன தடவை வந்ததுல ஓரம் கூரா இருந்துச்சுக்கா, நூலை அறுக்குது" என்பார்கள். அவள் கேட்டுக்கொண்டு வந்து பட்டறையில் சொல்வாள். பட்டறை ஓடுவது அந்த நகரத்து வியாபாரத்தில். அவள் வீட்டில் அடுப்பு எரிவதும், மகள் படிப்பதும் அதில்தான்.

வேலை அவளுக்குக் கைவந்தது. கஷ்டமெல்லாம் வேலை முடிந்த பிறகு, வயிற்றுக்குப் போட வேண்டிய நேரத்தில்.

தனியாக ஒரு பெண் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் அந்த மேஜைக்கு நாலு பக்கமும் கண் முளைக்கும். ஒருவன் தண்ணீர் ஜாடி கேட்கிற சாக்கில் வருவான். ஒருவன், "தனியாவா?" என்று ஏதோ உறவுக்காரன் மாதிரி விசாரிப்பான். ஒருவன் ஒன்றுமே பேசாமல் அவள் வாயில் போடும் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணுவான். ஆரம்பத்தில் அவள் அறையிலேயே ரொட்டியும் வாழைப்பழமும் தின்று படுத்தாள். நாள் முழுக்க மாடி ஏறி இறங்கியவளுக்கு அது எந்த மூலைக்குக் காணும்? ஒரு தட்டுச் சூடான சோற்றை, நாற்காலியில் சாய்ந்து, நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்பது அவளுக்குப் பெரிய ஆசையாகவே ஆகிவிட்டது. ஆசைப்படுகிற விஷயமா இது என்று அவளுக்கே சில நேரம் வெறுப்பாக வரும்.

அப்புறம்தான் ஹெல்மெட்டின் ஞாபகம் வந்தது.

அதை எதிர் நாற்காலியில் வைத்தாள். பரிமாற வந்தவரிடம், "அவர் வண்டிய நிறுத்திட்டு வர்றார்" என்றாள். அவ்வளவுதான். முளைத்த கண்ணெல்லாம் உதிர்ந்து போயிற்று. புருஷன் கூட இருந்த நாளில் செய்யாத வேலையை அவன் ஹெல்மெட் செய்தது. சாப்பிட்டு முடிக்கும்போது போனைக் காதில் வைத்து, "அப்படியா, லேட்டாகுமா, சரி சரி, பார்சல் வாங்கிட்டு வர்றேன்" என்பாள். அந்தப் பார்சல் மறுநாள் காலை அவளுடைய பலகாரம்.

இப்படியே ஒரே கடையில் வருஷக்கணக்காக ஓட்டினாள். சுவரோர மேஜை, முதுகு சுவரில், பார்வை வாசலில், கல்லாவுக்குப் பக்கம். கல்லாவில் இருந்தது குண்டான ஓர் அம்மாள். யாரிடமும் சிரிக்க மாட்டார், சில்லறையைப் பார்த்துத்தான் பேசுவார். அது பொத்தானக்காவுக்கு வசதியாக இருந்தது.

பக்கத்து மேஜையிலும் பல மாதங்களில் ஒரு பெண் இருப்பாள். நல்ல உயரம், கட்டையாக வெட்டிய முடி. அவளுக்கு எதிர் நாற்காலியில் எப்போதும் ஓர் ஆம்பளைக் கோட்டு மாட்டியிருக்கும். கைகழுவவோ, சிகரெட் பிடிக்கவோ எழுந்து போனவனின் கோட்டு. ஆளைப் பொத்தானக்கா பார்த்ததே இல்லை. அவன் திரும்பி வருவதற்குள் இவள் கிளம்பியிருப்பாள். ஆளைப் பார்க்காவிட்டால் என்ன, கோட்டைப் பார்த்தாளே. மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு. பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து கட்டித் தைத்திருந்தது. கூலிக்குத் தைக்கிறவன் அந்தப் பாடு படமாட்டான். கட்டிய பெண்டாட்டி உட்கார்ந்து தைத்த தையல். 'கொடுத்து வச்சவ. தைச்சுப் போட அவளுக்குன்னு ஒருத்தன் இருக்கான்' என்று ஒவ்வொரு மாதமும் நினைத்துக்கொள்வாள். பொத்தானைப் பார்த்தே வீட்டுக் கதை சொல்லிவிடுவேன் என்று அவளுக்கு ஒரு மிதப்பு.

அந்த மாதம் அவள் கிளம்பும்போதே வாயில் ஒரு பூட்டு. பட்டறை முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இந்தா பாரும்மா, பொம்பளை தனியா போறது எனக்கு அடிவயித்துல நெருப்பு. ஏதாச்சும் ஒரு சின்னப் பேச்சு என் காதுக்கு வந்துச்சு, அடுத்த மாசத்துலேர்ந்து என் மச்சான் போவான். நீ பட்டறையில உக்காந்து அட்டை தைக்கலாம்."

"உங்க மச்சானுக்குச் சிப்பிக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் தெரியுமா முதலாளி?"

"தெரியாது. ஆனா அவன ஒருத்தனும் கையப் புடிச்சு இழுக்க மாட்டான்."

அட்டை தைத்தால் பாதிக் கூலி. மகள் படிப்பு அதோடு நின்றுவிடும். அதனால் இந்த நகரத்து வியாபாரம் அவள் கையை விட்டுப் போகக் கூடாது. அதற்கு ஒரு சின்னப் பேச்சும் எழக் கூடாது. அவள் தங்குகிற லாட்ஜின் மேனேஜரோ முதலாளிக்குப் பழைய சிநேகிதர். இங்கே தும்மினால் அங்கே தைலம் தேடுவார்கள்.

இப்படி இருக்கிறவளுக்கு வாட்ச்காரர் வந்து வாய்த்தார்.

மேனேஜர் சாவியைக் கொடுக்கும்போது எப்போதும் போல அறை எண்ணை ஊருக்கே கேட்கும்படி சொன்னார். வரவேற்பறைச் சோபாவில் சாய்ந்திருந்த ஒருவர், மணிக்கட்டில் தோசைக்கல் அகலத்துக்கு வாட்ச், தலையைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்து அறையே அவருடையதுதான். அன்றைக்கே கதவு தட்டினார், போன் சார்ஜர் கேட்டு. இரண்டாம் முறை, அவர் அறையில் வெந்நீர் வரவில்லையாம், இவளுக்கு வருகிறதா என்று. மூன்றாம் முறை காரணமே சொல்லவில்லை. இவள் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, விளக்கை அணைக்காமலே படுத்தாள். அம்மா போனில், "தாழ்ப்பாள் போட்டியா?" என்றாள். "போட்டேன்." "சாப்டியா?" "ஆச்சு." முதல் பதில் உண்மை.

மறுநாள் தையற்கூடத் தெருவிலும் அதே வாட்ச் இரண்டு தடவை கண்ணில் பட்டது. சாயங்காலம் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தால், எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால். டீ வாங்கியிருந்தார், குடிக்கவில்லை.

ஹெல்மெட்டை வைத்தாள். சோறு வந்தது. கை அளைந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. இங்கிருந்து லாட்ஜ் கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் சரக்குக் கிடங்குத் தெரு, ஷட்டரெல்லாம் மூடிக் கிடக்கும். மேனேஜரிடம் சொன்னால் முதலாளிக்குப் போகும். கல்லா அம்மாளிடம் சொல்லலாம் என்றால், "உன் வீட்டுக்காரர் வருவார்ல, அவர்கிட்டச் சொல்லேன்" என்பாரே. இத்தனை வருஷம் வராத ஒருத்தனை வருகிறான் வருகிறான் என்று சொன்ன வாயால் இப்போது எப்படி மாற்றிச் சொல்வது? பாதுகாப்புக்கு என்று வேலி போட்டாள், கதவு வைக்க மறந்துவிட்டாள்.

பக்கத்து மேஜையைப் பார்த்தாள். உயரக்காரி இருந்தாள், கோட்டும் இருந்தது. அந்த மனுஷன் வந்ததும் கேட்டுவிடலாமா? 'அண்ணே, நீங்களும் அக்காவும் லாட்ஜ் வாசல் வரைக்கும் கூட வர்றீங்களா?' கேட்டால் என்ன, உயிரா போகும்? இத்தனை நேர்த்தியாகப் பொத்தான் தைக்கிறவளைக் கட்டியவன் நல்லவனாகத்தான் இருப்பான். காத்திருந்தாள். சோறு ஆறியது, அவன் வரவில்லை.

வந்தது கல்லா அம்மாள்தான். கடையில் கூட்டம் ஏறிவிட்டது. வாசலில் ஒரு பெரிய குடும்பமே நின்றது.

"நீங்க ரெண்டு பேரும் ஆளுக்காகத்தானே காத்திருக்கீங்க? ஒரே மேஜையில உக்காந்து காத்திருங்க. ஒரு மேஜை எனக்கு வேணும்."

"இல்லம்மா, அவர் வந்துருவாரு" என்றாள் பொத்தானக்கா.

"இவரும் இப்ப வந்துருவாரு" என்றாள் உயரக்காரி. அவள் குரலிலும் ஒரு பதற்றம்.

"வரட்டும். வந்தா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காரட்டும். சண்டையா போடப்போறாங்க?"

அம்மாளே ஹெல்மெட்டை ஒரு கையிலும் கோட்டை ஒரு கையிலும் எடுத்து, ஒரே மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலிகளில் வைத்துவிட்டுப் போனார். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள். அந்தப் பக்கம் தலை ஒருவன், உடம்பு ஒருவன். பொத்தானக்காவுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

உயரக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் வந்ததும் ஒரு உதவி கேக்கணும். நான் தங்கியிருக்கிற சந்துல தெருவிளக்கு எரியல. முனையில நாலு பேரு பாட்டிலோட உக்காந்திருக்கானுங்க. அவர் பைக்ல முன்னாடி மெதுவாப் போனாப் போதும், நான் அந்த வெளிச்சத்துல பின்னாலயே நடந்துருவேன்."

பொத்தானக்கா அவளையே பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர்?"

உயரக்காரி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் உங்க வீட்டுக்காரரக் கேக்கலாம்னுல்ல இவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்" என்றாள் பொத்தானக்கா.

உயரக்காரியின் பார்வை ஹெல்மெட்டுக்குப் போயிற்று. பொத்தானக்காவின் பார்வை கோட்டுக்கு. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் விளங்கியது.

"இல்லையா?" என்றாள் பொத்தானக்கா.

"இல்ல. உங்களுக்கும்?"

"இருந்தான். இது மட்டும்தான் மிச்சம்."

"எனக்கு இருந்ததே இல்லக்கா. இது பழைய துணிக் கடையில வாங்கினது. எனக்குன்னு ஒருத்தன் இருந்தா எந்த அளவுல இருப்பான்னு யோசிச்சு, போட்டுப் பாத்துதான் வாங்கினேன்."

"அந்த ரெண்டாவது பொத்தான்?"

"அது வாங்குறப்பவே இல்ல. நான் வீடு வீடாப் போயி ஜன்னல் அளந்து திரைச்சீலை மாட்டுறவ. திரைச்சீலை நூல் கையில இருந்துச்சு, தைச்சேன். பொத்தான் போன புருஷன்னா எவன் மதிப்பான்?"

பொத்தானக்காவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. உயரக்காரியும் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு தோழிகள் புருஷன்மாரைக் கேலி பேசுகிற மாதிரி இருந்திருக்கும். சிரிப்பு ஓய்ந்த பிறகு இரண்டு பேரும் நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்காக இவள் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள், அவள் இவளைப் பார்த்து. ஒரு கோட்டையும் ஒரு ஹெல்மெட்டையும் நம்பி இரண்டு பேரும் பக்கத்து மேஜையில் தனித்தனியாகப் பயந்துகொண்டு தின்றார்கள்.

"உங்களுக்கு யாரு தொல்லை?" என்றாள் உயரக்காரி.

பொத்தானக்கா தாடையால் வாசலைக் காட்டினாள். "பெஞ்சுல. வாட்ச்."

உயரக்காரி பார்த்தாள். பிறகு எழுந்து, கோட்டை எடுத்து மாட்டினாள். பொத்தான்களைப் போட்டாள். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, கண்ணாடியை இறக்கினாள். உள்ளேயிருந்து, "எப்படி?" என்றது குரல்.

"வாயத் தொறக்காத வரைக்கும் நல்ல புருஷன்."

கல்லாவைக் கடக்கும்போது அம்மாள் தலையைத் தூக்கி ஹெல்மெட்டிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். "வந்துட்டாரா ஒருவழியா. வருஷக்கணக்கா பார்சல்லயே குடும்பம் நடத்தினவராச்சே. உயரமாத்தான் இருக்காரு" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. சில்லறையைத் தள்ளினார்.

தெருவில் இறங்கியதும் வாட்ச்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார். ஹெல்மெட்டைப் பார்த்ததும் நின்றார். பிறகு நன்றாகப் பின்தங்கித்தான் நடந்தார். அவருக்கும் போகவேண்டியது அதே லாட்ஜ்தான். கிடங்குத் தெருவில் பொத்தானக்கா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சுகம் லாட்ஜ் வாசல்படி வரைதான்.

"நில்லுங்க, நில்லுங்க" என்று மேனேஜர் மேஜையை விட்டு எழுந்தார். "யாரும்மா இது? வெளி ஆம்பளைய ரூமுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

இதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. தெருவில் காப்பாற்றுகிற ஆம்பளை, லாட்ஜுக்குள் வந்தால் ஆளைக் கவிழ்க்கிற ஆம்பளை. முதலாளி காதுக்கு இதைவிடக் கொழுத்த பேச்சு வேண்டுமா?

அதற்குள் வாட்ச்காரரும் உள்ளே வந்துவிட்டார். "எனக்கும் யாருன்னு தெரியல மேனேஜர். நேத்து தனியாத்தான் வந்தாங்க. குடும்பம் தங்குற இடம், பாத்துக்கங்க" என்றார் மிகவும் அக்கறையாக.

ஹெல்மெட்டைக் கழற்றினால் வாட்ச்காரருக்குத் தெரிந்துவிடும், துணை இல்லை என்று. கழற்றாவிட்டால் ஆள் வந்தான் என்றே மேனேஜர் முடிவு கட்டிவிடுவார். பொத்தானக்கா ஒரு கணம் நின்றாள். கால் வலித்தது, தோள் வலித்தது, சாப்பிடாத வயிறு எரிந்தது. இன்னொரு பொய்யைத் தூக்க அவளிடம் தெம்பு இல்லை. கையை நீட்டி ஹெல்மெட்டை அவளே கழற்றினாள். உள்ளேயிருந்து வியர்த்துப்போன பெண் முகம் வந்தது.

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார்.

"என் கூடச் சாப்பிட்டவங்க" என்றாள் பொத்தானக்கா. குரலை உயர்த்தவில்லை. "இந்த வேஷம் ஏன்னு கேளுங்க. நேத்திலேர்ந்து இந்த மனுஷன் என் கதவத் தட்டுறாரு. நீங்க ரூம் நம்பரச் சத்தமாச் சொன்னீங்க, அவர் கேட்டுக்கிட்டாரு. இன்னைக்கு நான் போற கடையெல்லாம் வந்தாரு. சோறு இறங்கல எனக்கு."

"நானா? சார்ஜர் கேட்டேன், அது ஒரு குத்தமா?" என்றார் வாட்ச்காரர்.

"உங்க கிட்டதான் வாட்ச் இருக்கே சார்" என்றாள் உயரக்காரி. "எத்தனை மணிக்குக் கேட்டீங்கன்னும் சொல்லுங்க."

அவர் மாடிப்படியைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், போய்விட்டார்.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா முதலாளிக்குச் சொல்லுவீங்க."

"சொல்லாம எப்படி? அவர் கேட்டுக்கிட்டே இருக்காரே."

"அதான் சொல்லல. இப்ப நானே சொல்றேன். போனக் குடுங்க."

முதலாளி கேட்டுக்கொண்டார். அவள் எதையும் விடவில்லை, கூட்டவும் இல்லை. முடித்ததும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "இதுக்குத்தான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். துணை இல்லாம போகாதேன்னு. அடுத்த மாசம் மச்சான்..."

"துணை இருக்கு முதலாளி."

"யாரு?"

"பக்கத்துலயே நிக்கிறாங்க. நீங்களே கேளுங்க."

உயரக்காரி போனை வாங்கினாள். "வணக்கம்ங்க. ஆமா, திரைச்சீலை வேலை. பழக்கமா? வருஷக்கணக்கா பக்கத்து மேஜைதான். ஆமா. இல்ல, எனக்கு யாரையும் பாத்துப் பயமில்ல." இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் பொத்தானக்காவைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். "அடுத்த மாசமும் சேர்ந்துதான் வருவோம்."

போன் பொத்தானக்காவிடம் திரும்பியது. "சரி போ" என்றார் முதலாளி. "ஆனா ஒரே ரூம்ல தங்குங்க. மச்சானை நான் நிறுத்தி வைக்கிறேன். நிறுத்தி வைக்கிறேன்னுதான் சொன்னேன், விட்டுட்டேன்னு சொல்லல."

அவ்வளவுதான் கிடைத்தது. அதுவே போதும் என்று இருந்தது அவளுக்கு. மேனேஜர் இரண்டு கட்டில் போட்ட அறையாக மேல்மாடியில் கொடுத்தார். உயரக்காரிக்கும் அன்றிரவு அந்த இருட்டுச் சந்துக்குப் போகிற வேலை மிச்சம். எண்ணை வாயால் சொல்லவில்லை, சாவியை மட்டும் கையில் வைத்தார்.

கட்டிலில் விழுந்த பிறகு பொத்தானக்கா கேட்டாள், "ஹெல்மெட் போட்டுக்கிட்டு நடந்தியே, எப்படி இருந்துச்சு?"

உயரக்காரி கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். "உள்ள ஒண்ணும் கேக்கலக்கா. யாரு பின்னால வர்றான், எவன் என்ன சொல்றான், ஒண்ணும் தெரியல. ஆம்பளைங்க எல்லாம் இப்படித்தான் நடந்து போறாங்க போல."

பொத்தானக்கா பதில் சொல்வதற்குள் அவள் தூங்கிவிட்டாள். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுக்க இவள்தான் எழுந்தாள்.

இப்போதும் அவர்கள் முடிந்தவரை தேதி சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். ஒரே மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு பேர், சூடு ஆறாத சோறு. ஆனால் எல்லா மாதமும் தேதி சேருமா? ஜன்னல் அளக்கிறவளை ஊர் ஊராக அனுப்புகிறார்கள், தையற்கூடங்களுக்குத் தங்கள் அவசரம். சேராத மாதம் பொத்தானக்கா தனியாக வருகிறாள். முதலாளி போன் செய்தால், "இருக்காங்க, கை கழுவப் போயிருக்காங்க" என்கிறாள். தோள்பையிலிருந்து ஹெல்மெட் வெளியே வருகிறது. கல்லா அம்மாள் கேட்காமலே எதிரில் இரண்டாவது தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்கிறார்.

இப்போதெல்லாம் இல்லாத புருஷனுக்குப் பார்சல் மட்டும் அவள் கேட்பதில்லை.